வீட்டுக்கு உதவும் விஷயங்கள்: பேனா எழுத மறுத்தால்

சென்ற இதழில் குடையைப் பழுது பார்ப்பது குறித்து நாம் எழுதியதைப் படித்த கரோல்பாக் சகோதரி ஒருவர், “தில்லியில் குடை ஆண்டுக்கு இரண்டு மாதமே வேண்டியிருக்கிறது, பேனாவோ அன்றாடம் வேண்டும். எங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் எழுதாத பேனாக்கள் பதினேழு கிடக்கின்றன. அவற்றை எறிவதா, வைத்துக்கொள்வதா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானதே. கடிதம் வந்த அன்று மாலை நம் வீட்டு இழுப்பறையையும் கவிழ்த்துப் பார்த்தோம். பதினொரு பேனாக்கள் கிடைத்தன. அவற்றுள் உண்மையாகவே மை தீர்ந்தவை மூன்றுதான். மற்ற எட்டில் ஆறு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டன.

இந்த விஷயத்தை இம்மாதமே எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதில் குற்றம் நம்முடையதாகையால் முதலில் அதைச் சொல்லிவிடுவதே முறை.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆசிரியை வர இயலாத நாட்களில் குழந்தைகளின் நோட்டுகளைத் திருத்தும் வேலை நமக்கு வருவதுண்டு. சென்ற ஜனவரியில் அப்படி ஒரு நாள். காலை ஒன்பது மணியாகியும் மூடுபனி விலகவில்லை. குழந்தைகள் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்து சொல்வதெழுதினார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவனுடைய நோட்டில் மருந்துக்கும் ஒரு புள்ளி இல்லை. ‘கண்’ என்பது ‘கண’ என்றும், ‘பல்’ என்பது ‘பல’ என்றும், ‘எஃகு’ என்பது ‘எகு’ என்றும் இருந்தன. இருபது சொற்களில் பதினாறுக்குச் சிவப்புக் கோடு போட்டோம். போட்டதோடு நில்லாமல், “இத்தனை நாள் படித்தும் புள்ளி வைக்கத் தெரியவில்லையா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டோம். பையன் பதில் பேசவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வகுப்புக்கு வரவுமில்லை. மூன்றாவது ஞாயிறு அவன் தாயார் மட்டும் வந்து, “ஸ்கூலில் படிக்கும் ஹிந்தியும் இங்கிலீஷும் போதும், தமிழ் வேண்டாம் என்கிறான் அண்ணா. நோட்டையாவது ஒருதரம் பாருங்கள்” என்று கொடுத்தார்.

நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் நமக்கு உண்மை விளங்கிற்று. புள்ளி இருக்கவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் காகிதத்தில் ஒரு சிறு பள்ளம் இருந்தது. ஆய்த எழுத்து வரவேண்டிய இடத்தில் மூன்று பள்ளங்கள். பையன் எல்லாப் புள்ளிகளையும் வைத்திருக்கிறான். பேனாதான் மை விடவில்லை. பள்ளங்களை எண்ணி மறுபடி திருத்தினோம். இருபதுக்குப் பத்தொன்பது! அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்று, திருத்திய நோட்டையும் ஒரு புதுப் பேனாவையும் கொடுத்து, தவறு நம்முடையது என்று சொன்னோம். “அந்த ஒன்று எது மாமா?” என்றுதான் அவன் முதலில் கேட்டான். ‘வாழை’யை ‘வாளை’ என்று எழுதியிருந்தான். மறு ஞாயிறு வகுப்புக்கு வந்துவிட்டான்.

நிற்க. அந்தப் பேனா ஏன் அப்படிச் செய்தது? பால்பாயிண்ட் பேனாவின் நுனியில் ஒரு சிறு உருண்டை இருக்கிறது. பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளால் ஆனது. அது பித்தளை அல்லது எஃகுக் கிண்ணத்துக்குள் சுழலும்போது ஒரு பக்கம் மையைத் தொட்டு மறுபக்கம் காகிதத்தில் பூசுகிறது. உருண்டை உருளாவிட்டால் மை இல்லை. கோடு இழுக்கும்போது அது உருளும். புள்ளி வைக்கும்போது நாம் அழுத்தி எடுத்துவிடுகிறோமேயன்றி உருட்டுவதில்லை. தவிரவும் பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசையுள்ள குழம்பு. குளிரில் இறுகும். தில்லியின் ஜனவரிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து கிடப்பதைக் காண்கிறோம் அல்லவா? உறையாவிட்டாலும், இந்த மையும் அந்தப் போக்கில் கெட்டிப்படவே செய்கிறது. ஆங்கிலம் எழுதுவோருக்கு ‘ஐ’யின் மேல் ஒரு புள்ளி தவறினால் நஷ்டமில்லை. நமக்கோ புள்ளி போனால் சொல்லே போய்விடும். ஆகவே தமிழ் எழுதப் பழகும் குழந்தைக்குப் புள்ளியைக் குத்தி எடுக்காமல் சிறு சுழியாகச் சுழற்றி வைக்கக் கற்பியுங்கள். குளிர்காலத்தில் எழுதுமுன் ரீபிலை உள்ளங்கைகளுக்கிடையே ஒரு நிமிஷம் உருட்டிச் சூடேற்றினால் போதும்.

ஜெல் பேனாவின் மை தண்ணீரைச் சேர்ந்தது. அசையாமல் இருக்கும்போது கூழ்போல் நிற்கும். உருண்டை சுழன்றவுடன் இளகி ஓடும். புள்ளி நன்றாக விழும், கையும் நோகாது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. மை தாராளமாக இறங்குவதால், மட்டமான காகிதத்தில் ஊறிப் பரவும். ‘ண’கரத்தின் சுழிகள் அடைபட்டு ‘ன’கரம்போல் தோன்றும். ரீபிலின்மேல் 0.5, 0.7, 1.0 என்று அச்சிட்டிருப்பது உருண்டையின் விட்டத்தை மில்லிமீட்டரில் காட்டுவது. கோட்டின் அகலம் ஏறக்குறைய அதில் பாதிதான் இருக்கும். நம் அனுபவத்தில், பள்ளி நோட்டில் தமிழ் எழுதுவதற்கு 0.5 ஜெல் அல்லது 0.7 பால்பாயிண்ட் பொருத்தமானது. கார்பன் வைத்து நகலெடுக்கும் வேலைக்கு பால்பாயிண்ட்தான். ஒருமுறை நம் மேஜையில் ஜெல் பேனாவால் எழுதிய பார்சல் சீட்டின் மூன்றாம் நகலில் எழுத்தே விழாமல், முழுவதையும் மறுபடி எழுத நேர்ந்தது. அழுத்தி எழுத ஏற்பட்ட பேனா அன்று அது.

இனி, கடைக்குப் போவது. பழைய ரீபிலை எறிந்துவிட்டு, “அந்த நீலப் பேனாவுக்கு ஒரு ரீபில்” என்று கேட்பதால்தான் பாதித் தொல்லைகள் வருகின்றன. பழையதைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். புதியதன் பக்கத்தில் வைத்து நீளம், பருமன், வால்பகுதி, நுனியின் தோள் ஆகிய எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்கவேண்டும். சாதாரணப் பேனாக்களுக்கு வருவது பித்தளை நுனியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் கொண்டது. பரிசாக வரும் உலோகப் பேனாக்கள் பலவற்றுள் இருப்பது, வாலில் பல் வெட்டிய பிளாஸ்டிக் தொப்பியுள்ள பருத்த ரீபில். ‘பார்க்கர் மாதிரி’ என்று கேட்டால் கடைக்காரர் இதைத்தான் எடுப்பார். நீளம் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர். இந்த அளவில் பல கம்பெனிகள் செய்வதால் எளிதில் கிடைக்கிறது. இதற்கு அளவுத் தரப் பெயர் ஜி2. இங்கே ஓர் எச்சரிக்கை: பைலட் கம்பெனியின் ஜெல் பேனா ஒன்றுக்கும் ஜி2 என்றே பெயர். அதன் ரீபில் வேறு, நீளமும் அதிகம். பெயரை நம்பி வாங்கினால் உள்ளே போகாது. கிராஸ் பேனாவின் ரீபில் ஒல்லியாய், மேல் முனையில் திருகு மரையோடு இருக்கும். அதைத் திருகித்தான் கழற்றவேண்டும், இழுக்கக்கூடாது. பல வண்ணப் பேனாவிலும் சட்டைப்பையில் அடங்கும் குட்டிப் பேனாவிலும் பெரும்பாலும் இருப்பது 67 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சிறு ரீபில். அதற்கு டி1 என்று பெயர். மை சொற்பமே பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு நெடுங்கடிதம் எழுத எண்ணவேண்டாம். நம் பக்கத்துக் கடையில் கிடைக்காதவற்றைப் பழைய தில்லி நயீ சடக்கில் தேடினால் கிடைக்கக்கூடும்.

புது ரீபில் சற்றே நீண்டிருந்தால் பட்டனை அழுத்தியபின் நுனி உள்ளே திரும்பாது. பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் மை இல்லாத வால்பகுதியைப் பிளேடால் ஒரு மில்லிமீட்டர் நறுக்கிப் பார்க்கலாம், போதாவிட்டால் இன்னொன்று. அவசரப்பட்டு அதிகம் நறுக்கியவர் பிறகு ஒட்டவைக்க முடியாது. ஜெல் ரீபிலில் மைக்குப் பின்னால் தெளிந்த பசை ஒன்று நிற்கும். மை உலராமலும் பின்பக்கம் வழியாமலும் காப்பது அதுதான். அதை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடவோ, அதன் குறுக்கே நறுக்கவோ கூடாது. உலோக ரீபிலை எக்காரணத்தாலும் வெட்டக்கூடாது. குட்டையாக இருந்தால் வெட்டித் தள்ளிய பழைய குழாயின் சிறு துண்டு ஒன்றை வால்பக்கம் பேனாவுக்குள் போட்டால் சரியாகிவிடும். கழற்றும்போது ஸ்பிரிங் கட்டிலுக்கடியில் ஓடிவிடுமாதலால், ஒரு தட்டை வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

எழுதிக்கொண்டிருந்த பேனா திடீரென்று நின்றால், ரீபிலைக் குறை சொல்லுமுன் காகிதத்தைப் பார்க்கவேண்டும். முறுக்கு தின்ற கையோடு வீட்டுப்பாடம் எழுதும் குழந்தைகளை எல்லோரும் கண்டிருக்கிறோம். எண்ணெய் பட்ட இடத்தில் உருண்டை வழுக்குமே தவிர உருளாது. கண்ணாடி மேஜைமேல் ஒற்றைத் தாளை வைத்து எழுதினாலும் இதே கதைதான். அடியில் ஒரு நோட்டு வைத்தால் பேனா மறுபடி எழுதும். சுவரிலுள்ள காலண்டரில் பால் கணக்கு எழுதும் வழக்கமுள்ள வீடுகளில் பேனாக்கள் அற்பாயுளில் போவதன் காரணமும் தெரிந்துகொள்ளத்தக்கது. நுனி மேல்நோக்கி இருக்கையில் மை கீழே தங்கி, உருண்டையின் இடுக்கில் காற்று புகுந்துவிடுகிறது. காலண்டருக்குப் பக்கத்தில் பென்சிலைத் தொங்கவிடுங்கள்.

குழாயில் மை இருந்தும், மைக்கும் நுனிக்கும் இடையே வெற்றிடம் தெரிந்தால் அது காற்று. நுனியில் காகிதத்தைச் சுற்றி, நுனி வெளிப்புறமாக இருக்கும்படி பிடித்து, காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் கருவியை உதறுவதுபோல் நாலைந்து முறை உதறவேண்டும். வெள்ளைச் சுவருக்கு எதிரில் நின்று செய்யவேண்டாம். நம் வீட்டுச் சுவரில் இன்னும் சாட்சி இருக்கிறது. வெற்றிடம் இல்லையென்றால் நுனியில் மை உலர்ந்திருக்கும், அல்லது காகிதத் தூசி அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் நுனியை மட்டும் சற்று நேரம் வைத்துத் துடைத்துவிட்டு, ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்திலோ பென்சில் ரப்பரிலோ வட்டம் வட்டமாக வரையுங்கள். ரப்பர் உருண்டையைப் பற்றிச் சுழற்றிவிடும். நம் இழுப்பறையில் உயிர் பெற்ற ஆறில் நான்கு இந்தச் செருப்பு வைத்தியத்தால் பிழைத்தவை.

தீக்குச்சி கொளுத்தி நுனியைச் சுடும் வைத்தியத்தை நாமும் பள்ளிநாளில் செய்ததுண்டு. அது கெடுதல். உள்ளே மை கரிந்து அடைக்கிறது, குழாயும் இளகுகிறது. பின்பக்கம் வாய் வைத்து ஊதுவதும் வேண்டாம். அதன் பலன் நீலநிற உதடுகளே. நுனி கீழாகத் தரையில் விழுந்த ரீபிலுக்கு மட்டும் வைத்தியமே கிடையாது. கிண்ணத்தின் விளிம்பு நசுங்கி உருண்டை சிக்கிக்கொள்ளும். நம் எட்டில் பிழைக்காத இரண்டும் அப்படி விழுந்தவைதாம். கோடையில் நுனியில் மை கட்டியாகச் சேர்ந்து அப்பினால் அது நோயன்று; அவ்வப்போது காகிதத்தில் துடைத்து, பேனாவை விரல்களுக்குள் சிறிது திருப்பிப் பிடித்தால் போதும்.

செக், பத்திரம், பென்ஷன் காகிதம் ஆகியவற்றில் எழுதும் பேனாவைத் தனியே வைத்துக்கொள்வது நலம். சில ரீபில்களின்மேல் ஐ.எஸ்.ஓ. 12757-2 என்று அச்சிட்டிருக்கும். அது ஆவணங்களுக்கு ஏற்றதெனச் சோதிக்கப்பட்ட பால்பாயிண்ட் மை. ஜெல்லுக்கு இதே பொருளில் வரும் எண் 27668-2. இவற்றுக்கு நேர் எதிரானது, தேய்த்தால் மறையும் மை. பிள்ளைகளுக்கு அதில் மோகம் அதிகம். அது ரப்பரால் அழிவதன்று. தேய்ப்பின் சூட்டால் நிறம் போவது. பைலட் கம்பெனியின் அத்தகைய மை ஏறக்குறைய 60 டிகிரி செல்ஷியஸில் மறைந்துவிடும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் லாமினேஷன் யந்திரத்திலும் அந்தச் சூடு உண்டு. அடையாள அட்டையில் அந்தப் பேனாவால் பெயரெழுதி லாமினேட் செய்தால் வெறும் அட்டைதான் வெளியே வரும். பரீட்சைத் தாளிலும் கையெழுத்திடும் இடத்திலும் அதற்கு இடம் கொடாதீர்கள்.

பரீட்சை என்றவுடன் ஒன்று. பெற்றோர் பரீட்சைக்கு முதல்நாள் புதுப் பேனா வாங்கித் தருவது வழக்கமாயிருக்கிறது. ஒரு வாரம் முன்பே இரண்டு வாங்கி, இரண்டிலும் தினம் ஒரு பக்கம் எழுதவைத்து, அவற்றையே கொடுத்தனுப்புங்கள். மூடியுள்ள ஜெல் பேனாவானால் பையில் நுனி கீழாக இருக்கட்டும்.

கரோல்பாக் சகோதரிக்கு நம் விடை இது. பதினேழையும் ஒரு ஞாயிறு மாலை தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாய்க் கழற்றி, குழாயில் மை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாதவற்றின் ரீபிலை மட்டும் நூலால் கட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மை உள்ளவற்றை ரப்பர் செருப்பில் வரைந்து பாருங்கள். எத்தனை எழுதின என்று ஒரு கார்டு போட்டால் அடுத்த இதழில் தெரிவிப்போம்.