சிவகாசிக் கணக்கில் விடுபட்ட கைகள்

சிவகாசியில் எத்தனை ஜனங்கள் என்று கேட்டால் சர்க்கார் புஸ்தகம் 71,040 என்று சொல்லும். இது 2011 ஸென்ஸஸ் கணக்கு. அடுத்துள்ள திருத்தங்கலில் 55,362. 2021-ல் இரண்டையும் இணைத்து மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப்பலகை பெரிசாயிற்று, கணக்கு மட்டும் பழசுதான். 2021-ல் எடுக்க வேண்டிய ஸென்ஸஸ் தள்ளிப் போய், தள்ளிப் போய், இப்போது 2027 என்கிறார்கள்.

இந்த ஊர் எப்படிச் செழித்தது என்று சொல்லப் பலர் உண்டு. 1922-ல் இரண்டு பேர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதன்பின் பட்டாசு வந்தது. லேபிள் அச்சடிக்கப் போய் அச்சகங்கள் பெருகின. நாடு முழுவதும் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இந்த வட்டாரத்துச் சரக்கு. ‘குட்டி ஜப்பான்’ என்று பெருமை பேசுவார்கள். பேசட்டும். ஆனால் குச்சி அடுக்கியது யார்? சரம் பின்னியது யார்? உயிரைப் பணயம் வைத்து மருந்து செலுத்தியது யார்?

விடியுமுன் சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்து ரோடுகளில் நின்று பாருங்கள். கம்பெனி வண்டிகள் கிராமம் கிராமமாக ஆள் ஏற்றுகின்றன. அது கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கூலியும் இல்லை. நேற்றுக் களையெடுத்த கைதான் இன்று திரி வெட்டுகிறது. இவர்கள் யாரும் அந்த 71,040-ல் இல்லை. லாபம் டவுன் கணக்கில் ஏறுகிறது, சாவு கிராமத்துக் கணக்கில் ஏறுகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவிக்கு ஓடிய ஜனங்களும் அதில் உண்டு.

சட்டமும் தலையை எண்ணித்தான் பாதுகாப்புத் தருகிறது. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர், மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் பாக்டரி என்றது 1948 சட்டம். 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டத்தொகுப்பு அதை 40, 20 என்று உயர்த்திவிட்டது. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதில் யாருக்கு லாபம் என்று விளக்க வேண்டுமா?

டவுனுக்குள்ளேயே விடுபடுகிறவர்களும் உண்டு. ஒரு தெருவில் சந்தா வசூலிக்கப் போயிருந்தேன். திண்ணையில் ஒரு அக்கா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் பசை, பக்கத்தில் ஆளுயரத்துக்குப் பெட்டிகள். “எங்கக்கா வேலை பாக்குறீங்க?” என்றேன். “நான் எங்க தம்பி வேலைக்குப் போறேன்? வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்றார். ஸென்ஸஸ்காரர் வந்தாலும் இதைத்தானே சொல்வார்! அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போவார்.

ஆகவே தோழர்களே, 2027-க்குள் வீடு வீடாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. 2011 ஸென்ஸஸில் வருஷத்தில் ஆறு மாதம் உழைத்தவர்தான் முழுத் தொழிலாளி. குறைந்தால் ‘குறுகிய காலத் தொழிலாளி’. தீபாவளி கழிந்து ஆலை மூடியிருந்த நாளை மட்டும் நினைத்துக்கொண்டு “வேலை இல்லை” என்று சொல்லிவிடக் கூடாது. காட்டில் களையெடுத்த நாள், ஆலைக்குப் போன நாள், வீட்டில் கூலிக்குப் பெட்டி ஒட்டிய நாள், எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லுங்கள். பெண்களிடம் நேரில் கேட்கும்படி ஸென்ஸஸ்காரரிடம் வற்புறுத்துங்கள். வாசலில் நிற்கும் ஆண்பிள்ளை பதில் சொன்னால், அந்தப் பசை விரல்கள் மறுபடியும் ‘சும்மா’ என்றுதான் பதிவாகும்.