சட்டைப்பையில் வாங்கிவைத்த பாதுகாப்பு

நாள்தோறும் மறைத்து எடுத்துச் செல்வதற்கு ஏற்ற சிறிய கைத்துப்பாக்கி எது? அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இவ்வினா, நல்ல கைக்கடிகாரம் எது, நீடித்து உழைக்கும் குடை எது என்னும் வினாக்களைப் போன்று வெகு இயல்பாகக் கேட்கப்படுகின்றது. எடை எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, எத்தனை ரவைகள் கொள்ளும், இடுப்பில் செருகினால் சட்டைக்கு மேலே புடைத்துத் தெரியுமா, கோடைக்கால மெல்லாடைக்குள் மறையுமா, பெண்களின் கைப்பைக்குள் அடங்குமா என்றெல்லாம் நுணுகி நுணுகி ஆராய்கின்றனர். 2019ஆம் ஆண்டு நிலைமையை ஆராய்ந்தோரின் கணிப்பின்படி, அந்நாட்டில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் ரவை நிறைத்த கைத்துப்பாக்கியை நாள்தோறும் உடலோடு கொண்டு திரிந்தனர். இத்தனை ஆராய்ச்சியின் நடுவே ஒரு வினா மாத்திரம் எழுப்பப்படுவதில்லை. எவருக்கு எதிராக இந்த ஆயுதம்? எழுப்பப்படாத அந்த வினாவையே நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

கடல் கடந்த நாடொன்றின் வழக்கத்தைப் பற்றி நாம் ஏன் கவலைகொள்ள வேண்டுமென வாசகர் கேட்கலாம். 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தைக் கண்ட மக்களுக்கு, துப்பாக்கி வைத்திருப்பவனே பாதுகாப்பானவன் என்னும் கதை புதிதன்று. அக்கதையின் முடிவையும் நாம் அறிவோம். அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. சமுதாயம் கைவிட்டதைத் தனிமனிதன் தன் பணப்பையைத் திறந்து கடையிலே வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒரு தத்துவம். கல்வி குன்றினால் தனியார் வகுப்பை வாங்கு, வைத்தியம் குன்றினால் தனியார் மருத்துவமனையை வாங்கு என்று அது போதிக்கின்றது. அதன் கடைசிப் படியில், பாதுகாப்புக் குன்றினால் துப்பாக்கியை வாங்கு என்கின்றது. ஆகவே படியின் உச்சியில் நிற்பதைப் பார்ப்பது, அடியில் நிற்போருக்கும் பயன்தரும்.

மறைத்து ஆயுதம் தரிப்பது அமெரிக்கரின் ஆதி உரிமை என்று சொல்லப்படுகின்றது. வரலாறு வேறு கதை கூறுகின்றது. அரசியல் யாப்பின் இரண்டாவது திருத்தம் 1791இல் நிறைவேறியது. அத்திருத்தத்தை அறிந்த தலைமுறை உயிரோடிருந்த காலத்திலேயே, 1813இல், கென்ரக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் மறைத்து ஆயுதம் கொண்டு திரிவதைச் சட்டத்தாற் தடுத்தன. அத்தடையின் நியாயத்தை விளக்க ஓர் இரவு போதும். 1865 ஏப்ரல் 14ஆந் திகதி, வாஷிங்டன் நகரத்து நாடகசாலையில் அமர்ந்திருந்த ஆபிரகாம் லிங்கனைப் பின்னாலிருந்து சுட்டவனுடைய கையில் இருந்தது, பிலடெல்பியா நகரத்து ஹென்றி டெரிங்கர் என்பவர் செய்த சட்டைப்பைத் துப்பாக்கி. ஒரே ஒரு ரவை கொண்ட அச்சிறு கருவிக்கு இருந்த தனிச்சிறப்பு, அது வெளியே தெரியாமை. தற்காப்புக்கு உதவும் என இன்று புகழப்படும் அதே குணம், அன்று கொலைக்கு உதவியது. மறைப்பு என்பது தாக்குவோனுக்கும் காப்போனுக்கும் பேதமின்றி ஊழியஞ் செய்யும் என்பதை மறக்கவொண்ணாது.

பின் எவ்வாறு இக்கருவி அன்றாடப் பாவனைப் பொருளாயிற்று? 1987இல் புளோரிடா மாநிலம், குறித்த தகைமைகள் உடையோர் எவருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஏனைய பல மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. தக்க காரணம் காட்டினாலன்றி அனுமதியில்லை என்று கூறிவந்த நியூயோர்க்கின் ஏற்பாடு, 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலே வேர்கொண்டது. அதனை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2024ஆம் ஆண்டின் முடிவில், அனுமதிப்பத்திரமே இன்றி மறைத்து எடுத்துச் செல்ல இடமளிக்கும் மாநிலங்கள் 29 ஆகிவிட்டன.

சட்டம் கதவைத் திறக்க, சந்தை உள்ளே நுழைந்தது. 1999இல் துப்பாக்கி வைத்திருந்த அமெரிக்கரிடம் காரணம் கேட்டபோது 49 வீதமானோர் வேட்டை என்றனர்; 26 வீதமானோர் பாதுகாப்பு என்றனர். 2023இலோ 72 வீதமானோர் பாதுகாப்பே பிரதான காரணம் என்றனர். காடு சுருங்கி, வேட்டை அருகிய நாட்டிலே வேட்டைத் துப்பாக்கியை மாத்திரம் நம்பித் தொழிற்சாலை நடத்த முடியுமா? வேட்டைக்காரனுக்கு ஒரு துப்பாக்கி தலைமுறைக்குப் போதும். அஞ்சுபவனுக்கோ இடுப்புக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று, கட்டிலருகே ஒன்று, காருக்குள் ஒன்று வேண்டும். 2008இல் ரூகர் கம்பனி ஏறத்தாழ 270 கிராம் எடையுள்ள சட்டைப்பைத் துப்பாக்கியைச் சந்தைக்கு விட்டது. 2018இல் சிக் சவர் கம்பனி, கையளவேயான துப்பாக்கியொன்றில் பத்து ரவைகளை அடக்கிக் காட்டியது. பெண்களுக்கென ‘லேடி ஸ்மித்’ என்னும் பெயரில் ஸ்மித் அன்ட் வெஸன் 1989இலேயே தனி வரிசை வெளியிட்டிருந்தது. அச்சம் ஒரு சந்தையாயிற்று. ஆண்டுக்கோர் அங்குலம் குறைவதே முன்னேற்றமாயிற்று.

இச்சந்தைக்கு அரசு செய்த உபகாரங்களையும் வாசகர் அறிதல் வேண்டும். 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பதற்கு நோய்த்தடுப்பு நிலையத்தின் நிதியைப் பயன்படுத்தலாகாது என விதித்தது. அதன் விளைவாக, துப்பாக்கிச் சாவுகள் பற்றிய ஆராய்ச்சிக்கான அந்நிலையத்தின் ஆதரவு இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக முடங்கிக் கிடந்தது. 2005இல், விற்ற துப்பாக்கி குற்றத்துக்குப் பயன்பட்டால் உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுக்கும் சட்டமும் வந்தது. உண்மையை ஆராயாதே, நட்டஈடு கேளாதே, வாங்கு என்பதே இவ்விரு ஏற்பாடுகளின் சாரம்.

சரி, வாங்கியவனுக்குக் கிடைப்பது பாதுகாப்புத்தானா? கருவியின் இயல்பையே முதலில் நோக்குவோம். துப்பாக்கி சிறுத்து இலேசாகுந்தோறும், சுடும்போது அது கையை உதைக்கும் வேகம் கூடுகின்றது. கைப்பிடியிலே விரல்கள் முழுதும் பதிவதில்லை. குழல் குறுகுவதால் குறி பார்க்கும் முனைகள் நெருங்கி, கண்ணில் மயிரிழையாய்த் தோன்றும் பிழை இலக்கிலே பெரும் பிழையாகின்றது. மறைப்பதற்கு மிக இலகுவானதே சுடுவதற்கு மிகக் கடினமானது. 1998 முதல் 2006 வரையான நியூயோர்க் பொலிசாரின் துப்பாக்கிச் சண்டைகளை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்ற அப்பொலிசாரின் வேட்டுக்களில் 18 வீதமே இலக்கைத் தாக்கியிருந்தன. எஞ்சிய 82 வீதமும் எங்கே சென்றன? சுவரிலோ, வீதியிலோ, வழிப்போக்கனின் உடலிலோ. 1983இல் அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியாளர் ஒருவர், 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்பவன் ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் அருகே வந்துவிடுவான் எனக் காட்டினார். சட்டையை விலக்கி, உறையிலிருந்து உருவி, குறிபார்ப்பதற்கு அந்த ஒன்றரை விநாடியே உண்டு. விளம்பரத்தில் இந்தக் கணக்கு வருவதில்லை.

அடுத்து, எவர் சாகின்றனர் என்று பார்ப்போம். 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இருளிலிருந்து பாயும் அந்நியனுக்கென வாங்கிய ஆயுதம், வாங்கியவனின் மனம் உடைந்த நாளிலே அவன் கைக்கு எட்டும் தூரத்திற் கிடக்கின்றது. கலிபோர்ணியாவில் கோடிக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து அவதானித்து 2022இல் வெளியான ஆய்வொன்று, கைத்துப்பாக்கி உடையோருடன் வாழ்பவர்கள் கொலையுண்ணும் ஆபத்து ஏனையோரைவிட இருமடங்குக்கு மேலென்றும், வீட்டினுள்ளே வாழ்க்கைத் துணையாற் சுடப்பட்டு இறக்கும் ஆபத்து ஏழு மடங்கென்றும் கண்டது. 2014 டிசம்பரில், ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றில், கைத்துப்பாக்கி மறைப்பதற்கென்றே தைக்கப்பட்ட பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை ஆயுதத்தை எடுத்து விசையை அழுத்தியது. குழந்தையின் தாய் அவ்விடத்திலேயே இறந்தார். அவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த விஞ்ஞானி; அனுமதிப்பத்திரம் பெற்றவர். அறியாமையால் நேர்ந்ததன்று அம்மரணம். சாதாரண நாளொன்றிலே, சாதாரணப் பொருளாக அக்கருவி உடனிருந்ததால் நேர்ந்தது.

உரிமை என்னும் சொல்லையும் உரசிப் பார்க்கவேண்டும். 1956இல் மொன்ற்கொமரி நகரத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளேயிருந்தனர். அவர் துப்பாக்கி மறைத்துச் செல்ல அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. 1967இல் கறுப்புச் சிறுத்தைகள் கலிபோர்ணியாவில் பகிரங்கமாக ஆயுதந் தரித்துப் பொலிசாரைக் கண்காணித்தபோது, ரவை நிறைத்த துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் விரைந்து வந்தது. அதில் ஒப்பமிட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2012இல், இனிப்புப் பொட்டலமும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு நடந்துவந்த 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் ட்ரெய்வன் மார்ட்டினைக் கொன்றது, அயலைக் காவல்செய்தவர் அனுமதி பெற்று மறைத்து வைத்திருந்த சிறு கைத்துப்பாக்கியே. சுட்டவர் 2013இல் விடுதலையானார். 2016இல் மினசோட்டாவில், பாடசாலை உணவுச்சாலை மேற்பார்வையாளரான பிலாண்டோ கஸ்டீல், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைப் பொலிஸ்காரரிடம் தாமே மரியாதையாகத் தெரிவித்தார். அவரிடம் அனுமதியும் இருந்தது. சில விநாடிகளிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பொலிஸ்காரரும் 2017இல் விடுதலையானார். ஒரே ஆயுதம் ஒருவனின் இடுப்பிலே உரிமை; இன்னொருவனின் இடுப்பிலே மரணதண்டனைக்குரிய குற்றம். இந்நிலையில் அதனை எல்லார்க்கும் பொதுவான உரிமை என்பது மோசடி.

முற்போக்காளர் சிலர் நம்மை மறுப்பர் என்பதை அறிவோம். 1964இல் லூசியானாவில் தோன்றிய ‘பாதுகாப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்’ துப்பாக்கி ஏந்திச் சிவில் உரிமை ஊழியர்களை வெள்ளை வெறியரிடமிருந்து காத்தார்களே என்பர். ஆம், காத்தார்கள், அதனை நாம் மறைக்கமாட்டோம். ஆனால், அது அமைப்பாகத் திரண்ட மக்கள் தம் இயக்கத்தைக் காத்த செயல். எவர் காவல், எவருக்காகக் காவல் என்பது ஊரறிந்த விடயம். தன்னந்தனியனாய், அண்டை அயலாருக்கும் தெரியாமல், எதிரே வரும் ஒவ்வொரு முகத்தையும் எதிரியாய் எண்ணி இடுப்பைத் தடவிக்கொள்பவனின் செயலோடு அதனை ஒப்பிடுதல் தகாது. முன்னையது மனிதரைச் சேர்த்தது, பின்னையது பிரிக்கின்றது.

இன்னுங் கடினமான மறுப்பு ஒன்றுண்டு. பிரிந்த கணவனால் மிரட்டப்படும் பெண் என்ன செய்வாள்? பொலிஸ் வரும்வரை காத்திருப்பாளா? இக்கேள்வியை எள்ளி நகையாடுவோர் அவள் நிலையை அறியாதவர். ஆயினும் அவளுக்கு ஒரு துப்பாக்கியை விற்பதா, அவனிடமுள்ள துப்பாக்கியைப் பறிப்பதா, எது அவளைக் காக்கும்? நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளைக்கு உட்பட்டவன் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்னும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2024இல் அதே உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் உறுதிசெய்தது. அவளுக்குத் தேவை அச்சட்டம் தவறாமல் நிறைவேறுவதும், தங்குமிடமும், தன் காலில் நிற்கத்தக்க ஊதியமும். இவற்றைக் கொடுக்க மறுத்து, துப்பாக்கியை மாத்திரம் நீட்டும் சமுதாயம் அவளைப் பாதுகாக்கவில்லை. தன் கடமையை அவள் கைப்பைக்குள் திணித்துவிட்டுத் தப்பிக்கொள்கின்றது.

வேறு வழி உண்டா என்பார்க்கு ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் நகரைக் காட்டுவோம். 1996 மார்ச்சில், அங்கே ஆரம்பப் பாடசாலையில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கைத்துப்பாக்கிகளாற் கொல்லப்பட்டனர். பெற்றோரும் பொதுமக்களும் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்களைத் திரட்டினர். 1997இல் பெரிய பிரித்தானியாவில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர் அங்கே பாடசாலையொன்றில் அத்தகைய துப்பாக்கிப் படுகொலை நிகழவில்லை. 2022 மே மாதம் டெக்ஸாஸ் மாநிலத்து யுவால்டியில் 19 மாணவரும் இரு ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, ஏறத்தாழ 400 ஆயுதந் தரித்த அதிகாரிகள் திரண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கொலையாளியை அணுகாது நின்றனர். இதிலிருந்து கற்ற பாடம் யாது? 2024இல் டெனசி மாநிலம், ஆசிரியர் கைத்துப்பாக்கியை மறைத்து வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல அனுமதித்தது! நானூறு பேரின் துப்பாக்கிகள் செய்யாததை, கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியையின் மேலாடைக்குள் ஒளிந்த ஒன்று செய்துவிடுமாம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! தன் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் எவன் தன்னைச் சுடுவான், எவனைத் தான் சுட நேரும் என்று எண்ணியபடியே ஒருவர் பாடஞ் சொல்ல முடியுமா? அவ்வகுப்பறையிலே கல்விக்கு இடமேது? எந்தச் சிறு துப்பாக்கி சிறந்தது என்று கேட்கும் அமெரிக்கத் தொழிலாளியை நாம் ஏளனஞ் செய்யவில்லை. அவன் அச்சம் உண்மையானது. வேலை நிச்சயமில்லை, வைத்தியம் நிச்சயமில்லை, அயலான் யாரென்று தெரியவில்லை. எதிரே வருபவனின் சட்டைக்குள்ளும் அதே கருவி இருக்கக்கூடும். அவனை அஞ்சவைத்தவர்களே அவனுக்கு மருந்தும் விற்கின்றனர் என்பதையே நாம் சுட்டுகின்றோம். பாதுகாப்பு என்பது பலர் கூடிச் சட்டத்தாலும் ஊதியத்தாலும் அயலுறவாலும் கட்டவேண்டிய ஒன்று. டன்பிளேன் மக்கள் அதனைக் கட்டினர். அவர்களிடம் அதற்கென இருந்த கருவி, கையொப்பமிட்ட காகிதக் கட்டுக்களே.