சதுரங்கப் பாடம் முழுமையாக இருக்கட்டும்

சதுரங்கம் இன்று பட்டணத்துக்காரர்களுக்கு மட்டும் சொந்தமான ஆட்டம் அல்ல. 1988-ல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டத்தை வென்றார்.

"நம் வீட்டுப் பிள்ளையும் ஆடினால் என்ன?" என்ற ஆசை கோவில்பட்டிக் கரிசல் சீமையிலும் எழுவது இயற்கை. ஆக்கி ஆட்டத்தில் பேர் வாங்கிய ஊர் அல்லவா அது!

ஆனால் பயிற்சி ஆசிரியரைத் தேடி மதுரைக்கும் சென்னைக்கும் பிள்ளையை அனுப்ப எல்லோராலும் முடியுமா? தீப்பெட்டி ஆலைக்கும் காட்டு வேலைக்கும் போகும் பெற்றோருக்கு அது எட்டாத செலவு. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் செல்போனில் வரும் வீடியோதான் வாத்தியார். அது நல்லதுதான். ஆனால் அந்த வாத்தியார் பாடத்தை முழுவதும் சொல்லுகிறாரா?

எதிரி தலையாட்டுவானா?

ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களுக்குத் "தொடக்கம்" என்று பெயர். தொடக்கத்தைச் சொல்லித் தரும் வீடியோக்கள் ஏராளம். "நாலே நகர்த்தலில் வெற்றி!" என்பது அவற்றில் ஒரு வகை. சிப்பாயை நகர்த்து, பிஷப்பைக் கொண்டு வா, ராணியை வெளியே இறக்கு, எதிரி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டு, ஆட்டம் முடிந்தது! பார்க்கும் பிள்ளைக்கு ஒரே உற்சாகம்.

எதிரி ஏமாந்தால்தான் இது நடக்கும். ராணி வந்தவுடனே அவன் குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? ராணி பின்வாங்க வேண்டும். மறுபடியும் வந்து மிரட்டினால் அவன் குதிரையைக் குறுக்கே நிறுத்துவான். பிள்ளை திகைத்துப் போவான். வீடியோவில் இது இல்லையே!

கரிசல் காட்டுச் சம்சாரிக்கு இது புரியும். மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறவர் அவர். மழை பிந்தினால் என்ன செய்வது என்றும் அவர் யோசித்து வைத்திருப்பார். எதிரி நினைத்தபடி ஆடாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லாத பாடம் அரைக்கிணறு தாண்டிய கதைதான்.

எது முழுமை?

அப்படியானால் எல்லா வழிகளையும் ஒரே வீடியோவில் சொல்ல முடியுமா? முடியாது. வெள்ளைக் காய்க்கு முதல் நகர்த்தலில் 20 வழி. கறுப்புக்கும் 20 வழி. ஆளுக்கு ஒரு முறை நகர்த்தியவுடனே 400 வகை. ஆளுக்கு இரண்டு முறை நகர்த்தினால் 1,97,281 வகை!

எனவே எல்லாவற்றையும் ஒப்பிப்பது முழுமை ஆகாது. காரணத்தைச் சொல்லுவதே முழுமை. நடுக்கட்டங்களை ஏன் பிடிக்க வேண்டும்? ராணியை ஏன் அவசரப்பட்டு இறக்கக் கூடாது? ராஜாவை ஏன் சீக்கிரம் பத்திரப்படுத்த வேண்டும்? இவை தெரிந்த பிள்ளை புதிய நகர்த்தலைக் கண்டு பயப்பட மாட்டான்.

வீடியோ தயாரிப்பவர்களுக்கும் கடமை உண்டு. பாடம் யாருக்கு ஏற்றது, எந்த எதிர் நகர்த்தல்களை விட்டிருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மீதிப் பாடத்துக்குப் பணம் கேட்பது தவறல்ல. பாதியை முழுசு என்று காட்டுவதுதான் தவறு.

ஒரு தாய் காட்டிய வழி

1970-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஆனந்தின் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலா நகரில் வசித்தது. அங்கே டெலிவிஷனில் பகல் நேரத்தில் சதுரங்க நிகழ்ச்சி வரும். அந்த நேரத்தில் ஆனந்த் பள்ளிக்கூடத்தில் இருப்பார். தாயார் சுசீலா அதில் வரும் ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார். மாலையில் தாயும் மகனும் பலகை முன் உட்கார்ந்து விடை தேடுவார்கள்.

படம் பார்த்ததால் மட்டும் ஆனந்த் உலக வீரர் ஆகவில்லை. எழுதியதைப் பலகையில் ஆடிப் பார்த்தார், சொந்தமாக யோசித்தார்.

பெற்றோர்களும் இதைச் செய்யலாம். அதற்குச் சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வீடியோ முடிந்ததும் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: "இந்தக் காயை ஏன் நகர்த்தினாய்? எதிரி வேறு மாதிரி ஆடினால் என்ன செய்வாய்? இதற்குப் பிறகு உன் திட்டம் என்ன?"

பதில் வந்தால் அது நல்ல பாடம். "வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்" என்று பிள்ளை சொன்னால், செல்போனை வாங்கி வைத்துவிட்டுச் சதுரங்கப் பலகையை எடுத்து விரியுங்கள்.