நித்திரைக்கு மட்டும் ஓர் ஊர்



லண்டனுக்கு வெளியே இருந்தும் சென்ட்ரல் லைன் வந்து நிற்கிற எசெக்ஸ் கிராமம் தேய்டன் பொய்ஸ். எப்பிங் காட்டின் ஓரம். பெரும்பாலான தெருக்களில் விளக்கு இல்லை. இருட்டே வேண்டும் என்று ஊரார் அதைக் காத்து வருகிறார்கள். வார இறுதியில் ஓடும் நைட் டியூப்பும் லௌட்டனோடு நின்றுவிடும். லேட் ஷிப்ட் முடித்து வருகிற நாங்கள் குடிவந்த நாள் முதல் முணுமுணுத்தோம். ஆனால் பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்கு ஒருநாளும் போகவில்லை. வேலை நகரத்தில், ஆராதனை ஈஸ்ட்ஹாமில், மரக்கறியும் அங்கேதான்.

போன மாரியில் பக்கத்து வீட்டு ஆச்சி குசினியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்த தரையில் கிடந்தாராம். அப்படிக் கிடப்பது சிறுநீரகத்தையே கெடுக்கலாம் என்று தெரிந்த இரண்டு நேர்ஸ்மார் சுவருக்கு இந்தப் பக்கம் நித்திரை. இரண்டு கிழமை கழித்துத்தான் கேள்விப்பட்டோம். அவர் பெயரே அன்றுதான் தெரியும். வார்டிலோ முன்பின் தெரியாத முதியவர்களைக் கைபிடித்து நடத்துகிறோம்!

ஞாயிறு ஈஸ்ட்ஹாம் வருவதை விடச் சொல்லவில்லை. அந்த ஐக்கியம் இல்லாவிட்டால் நாங்கள் இங்கே தனித்துப்போவோம். ஆனால் வாலிபர் கூட்டம் மாதத்தில் ஒரு வெள்ளி, இப்படித் தூரத்தில் இருக்கிறவர்களின் வீடுகளில் நடக்கட்டும். அயலட்டையையும் கூப்பிடுவோம். முதல் கூட்டத்துக்கு எங்கள் வீடு தயார். ஆச்சியும் வருவாராம், உறைப்பைக் குறைத்தால்.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. டோர்ச் கொண்டு வாருங்கள்.