சத்தம் குறைந்த துப்பாக்கி



கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், நாகராஜா கோயில் தைத் திருவிழா, மண்டைக்காட்டு மாசிக் கொடை என்று நம் குமரி மாவட்டத்தில் எங்கே கொடி ஏறினாலும், வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவே பலூன் சுடும் கடை ஒன்று வந்துவிடும். துணி போர்த்திய பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள், முன்னால் ஒரு மேசை, மேசைமேல் கட்டை தேய்ந்த இரண்டு மூன்று ஏர் கன்கள். ராட்டினத்துக்கு அழும் குழந்தைகூட அங்கே வந்ததும் அழுகையை நிறுத்திவிடும். அப்பாக்களும் நின்றுவிடுவார்கள். எனக்கும் அந்தக் கடையைக் கடந்து போக மனம் வருவதில்லை.

சுடுவதற்கு எந்தத் துப்பாக்கி சுகம் என்று நம் இளைய வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சினிமாவிலும் கைப்பேசி விளையாட்டிலும் பார்த்த பெரிய பெயர்களைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். என் பதில் அந்தத் திருவிழாக் கடையில்தான் தொடங்குகிறது. காற்றால் சுடும் துப்பாக்கியே எனக்குப் பிடித்தது. சத்தமும் வேகமும் குறைவாக இருப்பதால், சுடுகிறவனுடைய கையும் கண்ணும் மூச்சும் என்ன செய்கின்றன என்பதை அது மறைக்காமல் காட்டிவிடுகிறது.

கடைக்காரர் குழலை மடக்குவதைக் கவனித்திருப்பீர்கள். அப்படி மடக்கும்போது உள்ளே ஒரு கனத்த சுருள்வில் இறுகி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. இடுப்பு ஒடுங்கிய சின்ன ஈயக்குண்டைக் குழலின் பின்வாயில் வைத்து நிமிர்த்துகிறார். குண்டின் எடை ஏறத்தாழ அரை கிராம். விசையை அமுக்கியதும் வில் விரிந்து, பிஸ்டன் முன்னால் பாய்ந்து, அடைபட்ட காற்று குண்டைத் தள்ளுகிறது. அந்தக் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் பிஸ்டனின் ஓட்டம் துப்பாக்கியை முன்னும் பின்னும் ஒரு குலுக்குக் குலுக்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் குலுங்கும். தளர்வாக, ஒரே மாதிரி பிடித்தால் ஒரே மாதிரி குலுங்கும். குண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். முரட்டுக்கை இளைஞர்கள் கடையில் தோற்பதும், பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பெண்பிள்ளை பட்பட்டென்று உடைப்பதும் இதனால்தான்.

அங்கே இருக்கும் துப்பாக்கிகளில் குறிபார்க்கும் சைட் நேராக இருப்பது அபூர்வம். ஊர் ஊராக லாரியில் போய், மேசையில் இடிபட்டு, ஆயிரம் பேர் கைமாறி வருவது அல்லவா! அதற்கும் வழி உண்டு. முதல் இரண்டு குண்டுகளைப் பலூனை உடைப்பதற்கென்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பலூனின் நடுவைக் குறிபார்த்துச் சுட்டு, குண்டு பலகையில் எங்கே தைக்கிறது என்று பாருங்கள். நாலு விரல்கடை இடதுபுறம் தைத்தால், அடுத்த பலூனுக்கு நாலு விரல்கடை வலதுபுறம் குறிவையுங்கள். பார்வை முன் சைட்டின் முனையில் தெளிவாக நிற்கட்டும். பலூன் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. "மக்ளே, மூச்ச விட்டுட்டு மெதுவா அமுக்கு" என்று கடைக்காரர் பிள்ளைகளிடம் சொல்வாரே, உலகத்தின் எந்தப் பயிற்சியாளரும் முதல் நாள் சொல்வது அதைத்தான்.

அடுத்து .22 ரைபிள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலோ தெ.தி. இந்துக் கல்லூரியிலோ என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தார்ப்பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, கட்டையைத் தோளில் அணைத்து, எண்ணிக் கொடுத்த தோட்டாக்களைச் சுட்டு முடித்தபின் அட்டையை எடுத்துவந்து துளைகளுக்கு நடுவே இடைவெளி அளப்பார்கள். 'குரூப்பிங்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஒரு முகாம் முழுவதும் ஏங்கியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். துளைகள் நடுவில் விழாவிட்டாலும் நெருங்கி விழுந்தால் பாராட்டு உண்டு. சைட்டைத் திருத்திவிடலாம், சிதறும் கையைத் திருத்துவதுதான் கஷ்டம். .22-இல் தோளை இடிக்கும் உதை இல்லை. சுளீரென்று ஒரு சத்தம், கொஞ்சம் வெடிமருந்து வாசனை, அவ்வளவுதான். பெரிய ரைபிள்களைச் சுட்டுப் பார்த்த முன்னாள் ராணுவத்தினர் பலரும் ஆசையாகப் பேசுவது இந்தச் சின்னதைப் பற்றித்தான்.

ஆனால் என் மனம் முழுவதையும் எடுத்துக்கொண்டது பத்து மீட்டர் ஏர் ரைபிள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில்தான் இது சேர்க்கப்பட்டது. திருவிழாக் கடைத் துப்பாக்கிக்கும் இதற்கும் குழலின் அளவு ஒன்றே: 4.5 மில்லிமீட்டர். உள்ளே சுருள்வில் கிடையாது. குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டரில் 200 பார் அளவுக்கு அழுத்திய காற்று இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்தான். விசை தொட்டதும் கொஞ்சமே கொஞ்சம் காற்று வெளியேறும். குலுக்கல் ஏதும் கைக்குத் தெரிவதில்லை. எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. நின்றுகொண்டே சுட வேண்டும். எதிலும் சாய்ந்துகொள்ளக் கூடாது. பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். இந்தப் பக்கத்தில் நீங்கள் காணும் முற்றுப்புள்ளி அளவுதான் அது. முதல் சுற்றில் அப்படி 60 குண்டுகள், 75 நிமிடத்துக்குள்.

இதயம் ஒருமுறை துடித்தால் குழலின் முனை அசைகிறது. முந்தின நாள் தூக்கம் கெட்டால் அசைகிறது. கொஞ்சம் கோபமோ கவலையோ இருந்தாலும் அசைகிறது. இந்த அசைவை முழுவதும் நிறுத்த யாராலும் முடியாது. அசைவு சிறுத்து வரும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் விரல் தானாக விசையை அமுக்கிவிட வேண்டும். "இப்போது" என்று நினைத்து அமுக்கினால் தாமதமாகிவிடும். ஒரு விளையாட்டில் இவ்வளவு தூரம் தன்னைத்தானே கவனிக்க முடியும் என்பதுதான் என்னை இதன்பால் இழுத்தது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் இந்த ஏர் ரைபிளில்தான் தங்கம் வென்றார். இறுதிச் சுற்றின் 24 குண்டுகளுக்கு அவர் எடுத்த புள்ளிகள் 251.7. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9தான், இவருடைய சராசரி 10.4-க்கு மேல். அவருக்கு இருபது வயது நிரம்பியிருந்த மாதம் அது. டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் இறுதிச் சுற்று அவருக்குக் கைகூடவில்லை. பாரிஸில் எட்டுப் பேர் உள்ளே போக, இவர் பத்தாவதாக நின்றார். அடுத்த ஆண்டே, 2025-இல், ஆசியச் சாம்பியன் ஆனார். அவரை உருவாக்கிய பயிற்சித் திட்டம் ககன் நரங்கினுடையது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே ஏர் ரைபிளில் வெண்கலம் வென்ற நரங் பிறந்ததும் சென்னையில்தான்.

2008 பெய்ஜிங் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அபினவ் பிந்திரா இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்த்துச் சுட்டபோது குண்டு நாலாம் வளையத்துக்குப் போனது. சைட் இடம்மாறியிருந்ததாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். இருந்த சில நிமிடங்களில் அதைத் திருத்திக்கொண்டு சுடத் தொடங்கினார். கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சரிசமம். ஹாக்கினன் எடுத்தது 9.7. பிந்திரா எடுத்தது 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படி வந்தது. சைட் கோணிப்போனால் முதலில் அதை அறிந்து, பிறகு பதறாமல் திருத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஏர் பிஸ்டல் இன்னும் கடினம். ஒற்றைக் கையை நீட்டி, மற்றக் கையை இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொண்டு சுட வேண்டும். மனு பாக்கர் பாரிஸில் வென்ற இரண்டு வெண்கலங்களும் இதில்தான். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் 'டிராப்' முற்றிலும் வேறு குணம் கொண்டது. அதற்கு 12 போர் துப்பாக்கி, திறந்தவெளி, நிறையப் பணம் எல்லாம் வேண்டும். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் அதில் கெட்டிக்காரர். 2023-இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 375-க்கு 361 தட்டுகளை உடைத்துத் தங்கம் வென்ற மூவர் அணியில் அவர் ஒருவர். பார்க்க மிக அழகாக இருக்கும். நம் பிள்ளைகளுக்குச் சுலபத்தில் எட்டுவது அது இல்லை.

துப்பாக்கி என்றதும் நம்மூர்ப் பெரியவர்களில் சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். அவர்களுக்குக் காரணம் உண்டு. இந்த மண்ணுக்குத் துப்பாக்கி விளையாட்டாக வந்து சேரவில்லை. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயையே தன் படைக்குப் பயிற்சி தர வைத்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை எழுந்தது. 'வலிய கப்பித்தான்' என்று பெயரெடுத்த அந்த டிலனாயின் கல்லறை இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. அவர் நட்பில் கிறிஸ்தவரான நட்டாலம் தேவசகாயம் பிள்ளை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள் அவர் அடக்கம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். துப்பாக்கி என்ன செய்யும் என்பதை நம் ஊர் நன்றாக அறிந்திருக்கிறது. அதனாலேயே பிள்ளைகளுக்கு அதை அடக்கத்தோடும் ஒழுங்கோடும் அறிமுகம் செய்யும் பொறுப்பும் நமக்குக் கூடுதலாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒழுங்கு என்று நான் சொல்வது சில எளிய பழக்கங்களை. குண்டு இல்லை என்று தெரிந்தாலும் ஆளை நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது. சுடும் நேரம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். ஈயக்குண்டு பலகையில் பட்டுத் திரும்பி வரக்கூடும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் முறுக்கு தின்னக் கூடாது.

பறவைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறைந்த சக்தியுள்ள 4.5 மில்லிமீட்டர் ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டியதில்லை என்பதால், அது சில வீடுகளுக்கு வந்து, கொக்கையும் நீர்க்கோழியையும் நோக்கி நீள்கிறது. உரிமம் வேண்டாம் என்பதற்கு எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று பொருளாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தேரூர்க் குளத்துக்கும் சுசீந்திரம் குளத்துக்கும் வெகுதூரம் கடந்து வரும் பறவைகள் நம் விருந்தாளிகள். அந்த ஈரநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. உயிரின்மேல் நீளும் துப்பாக்கியில் எனக்கு எந்தச் சுகமும் தெரியவில்லை. காகித அட்டையும் பலூனும் போதும்.

நடிகர் அஜித்குமார் 2022-இல் மாநிலப் போட்டிக்காகத் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தபோது திரண்ட கூட்டம் நினைவிருக்கும். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒருவர் மறுநாள் பயிற்சிக்குப் போயிருந்தாலே நமக்கு எத்தனையோ இளவேனில்கள் கிடைத்திருப்பார்கள். நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய சுடுதளம் இருக்கிறது. நாகர்கோவிலில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பத்து மீட்டர் என்பது ஒரு பள்ளி வராந்தாவின் நீளம். பின்னால் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, 1.4 மீட்டர் உயரத்தில் அட்டை, அட்டைமேல் நல்ல வெளிச்சம், சுடும் திசையில் கதவு ஏதும் திறவாதபடி ஒரு தடுப்பு, கண்டிப்பான ஒரு மேற்பார்வையாளர். தொடக்கத்துக்கு இவை போதும். இந்தியாவிலேயே தயாராகும் ரைபிள்களில் பழகி மாநிலப் போட்டிவரை போகிறார்கள்.

நம் மாவட்டத்தில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் இல்லாத ஊர் குறைவு. சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விருப்பமுள்ளவர்கள் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வராந்தாவோ கூடமோ ஒதுக்கித் தர முன்வரும் தலைமையாசிரியர்களும் எழுதுங்கள். இரு தரப்பையும் சந்திக்க வைக்கும் வேலையை இந்த இதழ் ஏற்றுக்கொள்ளும்.

அன்புடன்,
ஆசிரியர்