கணக்குப் படித்த பிள்ளையும் கடன் பத்திரமும்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் மண்டகப்பட்டுப் பகுதி அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. “பெண் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிவிட்டாள், கணக்கில் நல்ல மதிப்பெண், எதில் சேர்க்கலாம்?” என்பர். பொறியியல், செவிலியர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி எனப் பல பெயர்கள் பேசப்படும். நிதிக் கணிதம் என்று இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. அது பட்டணத்துப் பங்குச் சந்தைக்காரர்களின் வித்தை என நம்மவர் ஒதுக்கிவிடுகின்றனர். அங்ஙனம் ஒதுக்குவது பெரும் பிழை என்பது நமது துணிபு. தறியையும் நிலத்தையும் நம்பிப் பிழைப்போருக்கு வரவு ஒரு நாளில், செலவு வேறொரு நாளில். அந்த இடைவெளியைக் கடன் கொண்டு நிரப்புவோருக்கே இக்கல்வி முதலில் வேண்டும்.

நிதிக் கணிதம் என்பது யாது? பள்ளியில் அசல், வட்டி வீதம், காலம் என்ற மூன்றைக் கொண்டு தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்பிக்கின்றனர். அங்கே கடன் ஒரு நாளில் வாங்கப்பட்டு, மற்றொரு நாளில் ஒரே தொகையாகத் தீர்ந்துவிடுகிறது. வாழ்க்கையில் எந்தக் கடன் அவ்வாறு தீர்கிறது? தவணை, பிடித்தம், முன்பணம், மானியம் எனப் பணம் பல நாட்களில் சிதறி வருகிறது, போகிறது. பல்கலைக்கழகத்தில் முதற்பாடமே, அப்படிச் சிதறிய தொகைகளை எல்லாம் ஒரே நாளின் மதிப்புக்குக் கொண்டுவந்து எடைபோடுவதுதான். இன்று கையில் உள்ள நூறு ரூபாயும் அடுத்த தையில் வரப்போகும் நூறு ரூபாயும் ஒன்றல்ல என்பதை நம் பாட்டிமாரும் அறிவர். எவ்வளவு வேறு என்று சொல்வதே படிப்பு.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டா. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்த ஊர் நம்முடையது. அக்கல்வெட்டு கட்டடக் கலை பேசுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளோ கணக்குப் பேசுகின்றன. இராசராசன் காலத்தில் கோயில் பண்டாரத்துக் காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அசல் அசையாது நிற்க, பலிசையைக் கொண்டு பூசைச் செலவு நடந்தது. ஆண்டுக்கு இன்ன செலவு என்றென்றைக்கும் நடைபெற வேண்டுமானால் இன்று எவ்வளவு முதல் வைக்க வேண்டும்? செலவை வட்டி வீதத்தால் வகுக்க வேண்டும். எட்டால் பெருக்கினால் அரைக்கால் பலிசைக்கு விடை வந்துவிடும். முடிவிலாத் தவணை என்று இன்று கல்லூரியில் கற்பிக்கும் சூத்திரம் இதுவேயன்றி வேறில்லை. நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விட்டு, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என எழுதியோர், ஆடு சாகாது என நம்பியவரல்லர். இறப்பது போகக் குட்டி ஈன்று தொகை குறையாதிருக்கும் என்று கணக்கிட்டவர்கள். காப்புறுதிக் கணிதர் இன்று செய்வது அதே வகைக் கணக்கு.

நிற்க. இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே, நூற்றுக்குப் பதினைந்து” என்று நம் அங்கத்தினர் மனத்தேறுதல் கொள்கிறார். முதற்பிழை, அவர் கையில் வந்தது 10,000 அன்று. இரண்டாவது, 8,500 ரூபாயும் நூறு நாள் அவரிடம் இருப்பதில்லை. மறுநாள் முதலே கரையத் தொடங்குகிறது. மூன்றாவது, பதினைந்து என்பது ஓர் ஆண்டுக்கு அன்று, நூறு நாளுக்கு. ஒவ்வொரு நாளின் நூறு ரூபாயையும் கடன் பெற்ற நாளின் மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால், நாளொன்றுக்கு நூற்றுக்கு 33 பைசா வட்டி வருகிறது. ஊர் வழக்கில் இது ஏறத்தாழப் பத்து வட்டி; ஆண்டுக்கு நூற்றுக்கு 120-க்கு மேல். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது உண்மையே. தாம் கட்டுவது எத்தனை வட்டி என்றே அறியாதவருக்குச் சட்டம் எங்ஙனம் துணை நிற்கும்?

தண்டல் போகட்டும். பளபளப்பான கடைகளில் தவணைக்குப் பொருள் வாங்குவோரும் இவ்வாறே ஏமாறுகின்றனர். 12,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 ‘பிளாட்’ வட்டி என்பர். வட்டி 1,440-ஐ அசலோடு கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,120 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்துவர, வட்டி மட்டும் முழு அசலுக்கு வாங்கப்படுகிறது. குறையும் நிலுவையின்மீது கணக்கிட்டால் உண்மை வட்டி 21-க்கு மேல்.

விளைவிப்போருக்குரிய கணக்கு இதைவிடச் சுவையானது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நிலக்கடலை கொண்டுசெல்லும் ஒருவருக்கு மூட்டைக்கு இன்று 6,000 ரூபாய் கிடைக்கும் என்றும், நான்கு மாதம் பொறுத்தால் 6,500 கிடைக்கும் என்றும் கொள்வோம். காய்ந்து எடை குறைவது நூற்றுக்கு மூன்று எனில் கைக்கு வருவது 6,305. பொறுத்ததால் இலாபம் 305. ஆனால் அவருக்கு இன்றே மூட்டைக்கு 4,000 ரூபாய் தேவை. அதை இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினால் நான்கு மாத வட்டி 320, பொறுத்தது நட்டம். ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வட்டியில் பொருளீட்டுக் கடன் கிடைத்தால் வட்டி 80. கிடங்கு வாடகை நீங்கலாக 225 மிச்சம். கடலையும் அதுவே, சந்தையும் அதுவே. வட்டி மாறியதும் விடை மாறிவிட்டது. எஞ்சிய 2,000 ரூபாயும் நான்கு மாதம் வாளாவிருந்தது என்பதையும் பல்கலைக்கழகக் கணக்கு விடாது பிடித்துக்கொள்ளும்! நெசவாளர் கூலியிலிருந்து சேமிப்பு நிதிக்குப் பிடிக்கப்படும் தொகையும் இத்தகையதே. மாதம் 500 ரூபாய் 20 ஆண்டு செலுத்தினால் கட்டியது 1,20,000. ஆண்டுக்கு 7 வட்டி மாதந்தோறும் சேர்ந்தால் பெறவேண்டியது ஏறத்தாழ 2,60,000. இதனை அறிந்த நெசவாளர் தம் கணக்குச் சீட்டைச் சரிபார்ப்பார். அறியாதவர் கொடுத்ததைப் பெற்றுச் செல்வார்.

இதனைக் கற்க எங்கே செல்வது? வணிகவியல் இளங்கலையில் வணிகக் கணிதம் என்னும் பாடத்தில் இதன் தொடக்கம் உண்டு. கணிதமோ புள்ளியியலோ பயில்வோர் நிகழ்தகவையும் சேர்த்துக் கற்று மேலே செல்லலாம். காப்புறுதிக் கணிதர் ஆக விரும்புவோருக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தியக் காப்புறுதிக் கணிதர் நிறுவனம் தேர்வுகள் நடத்துகிறது. வட்டிக் கணக்கு அத்தேர்வுகளின் அடித்தளம். சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பயின்ற சீனிவாச வரதன் 2007-இல் ஏபல் பரிசு பெற்றார். மிக அரிதாக நேரும் பெருநிகழ்ச்சிகளின் வாய்ப்பை அளக்கும் அவர் ஆராய்ச்சித் துறைக்கு, காப்புறுதி நிறுவனம் நொடித்துப்போகும் வாய்ப்பு எவ்வளவு என்னும் பழைய வினா ஒரு தொடக்கமாய் இருந்தது. எல்லாரும் வரதன் ஆக வேண்டியதில்லை. முதலாண்டுப் பாடமே நமக்குப் பெரும்பகுதி போதும்.

“படித்தவர்கள்தாமே உலகை நட்டப்படுத்தினர்?” என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டியதே. பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசை 1997-இல் பெற்ற மெர்டனும் ஷோல்சும் பங்காளிகளாயிருந்த அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 1998-இல் கவிழ, வங்கிகள் கூடி ஏறத்தாழ 360 கோடி டாலர் இட்டுத் தாங்கின. அளவுக்கு மீறிக் கடன் வாங்கியதும், நேராது என்று எண்ணியது நேர்ந்ததும் அதன் காரணங்கள். வட்டிக் கணக்கில் அவர்கள் தவறவில்லை; நாளைய விலையை அறிந்ததாக எண்ணியதில் தவறினர். மேலே சொன்ன 6,500 ரூபாய் என்னும் கடலை விலையும் அத்தகைய ஊகமே என்பதை நம் பிள்ளைகள் மறவாதிருப்பாராக.

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் சொல்லிக்கொள்வோம். ஊரார் வட்டியிலிருந்து மீளவே 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அப்படியிருக்க, நம் சங்கத்துக் கடன் பத்திரத்திலேயே வட்டி வீதம் ஒரு மூலையில் கிடக்கிறது. தவணை தவறினால் அபராத வட்டி எந்த நாளிலிருந்து எந்தத் தொகைக்கு ஏறும் என்பது எழுத்தருக்கு மட்டும் புரியும் நடையில் உள்ளது. கையொப்பமிடுமுன் அதனை விளக்கச் சொல்லிக் கேட்ட அங்கத்தினர் மிகச் சிலர். விளக்கத் தெரிந்தோர் அவரினும் சிலர்.

ஆதலின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறோம். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுள் வணிகவியலோ கணிதமோ பயில்வோரை விடுமுறையில் சங்க அலுவலகத்துக்கு அழைத்து, நாம் கொடுக்கும் ஒவ்வொரு வகைக் கடனுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மாதத் தவணை, மொத்த வட்டி, உண்மை ஆண்டு வீதம், தவணை தவறினால் ஏறும் தொகை ஆகிய நான்கையும் கணக்கிடச் சொல்ல வேண்டும். அப்பட்டியலைச் சங்க வாயிலில் எழுதி வைக்க வேண்டும். அவர்களுக்கு வழிச்செலவும் சிறு ஊதியமும் கொடுப்பது முறை. அடுத்த பொதுப் பேரவையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். வரும் அங்கத்தினர்கள் தத்தம் கடன் பத்திரத்தைக் கையோடு கொண்டுவரவேண்டுகிறோம்.