மாதத்திற்கு ஒரு குப்பி நீர்

பருவமழை ஓய்ந்ததும் தில்லியில் ஆண்டுதோறும் ஒரு வாசகம் தவறாமல் ஒலிக்கிறது: ‘மழை யமுனையைக் கழுவிவிட்டது.’ மொழியியல் படித்த எனக்கு இவ்வாக்கியத்தின் செயப்படுபொருள்மீதே ஐயம். மழை கழுவுவது நகரத்தை. கழுவிய நீரை ஊற்றுவது ஆற்றில்.

வசீராபாத் முதல் ஓக்லா வரை 22 கிலோமீட்டர். ஆற்றின் நீளத்தில் 2 விழுக்காடும் இல்லை. கழிவுநீர்க் குழாய் எட்டாத குடியிருப்புகளின் மலநீரும், தெருக்களிலும் தொழுவங்களிலும் கோடை முழுவதும் சேர்ந்த அழுக்கும், முதல் பெருமழையின் சில மணி நேரத்தில் வடிகால்கள் வழியே இங்கே இறங்குகின்றன. ஆற்றடி வண்டலில் தங்கிய நுண்ணுயிரிகளையும் அவ்வெள்ளம் கிளறி எழுப்புகிறது. பின்னர் நீர் பெருகி மாசு நீர்த்துப்போகலாம். அம்முதல் மணிகளுக்கு அந்த ஆறுதல் இல்லை.

இதனை நாம் எவ்வாறு அளக்கிறோம்? மாதத்திற்கு ஒரு முறை, இடத்திற்கு ஒரு குப்பி. அந்நாள் மழைநாளாக அமைந்தால் அது தற்செயல். குளிக்கும் நீரில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 2500-ஐத் தாண்டலாகாது என்பது விதி; விரும்பத்தக்க அளவு 500. மழைநாளில் அது எவ்வளவு ஏறியது என்று சொல்ல அந்த ஒற்றைக் குப்பியால் இயலாது. சோதனை முடிவதற்கே இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அறிக்கை வெளிவரும்போது அந்நீர் தில்லியை எப்போதோ கடந்திருக்கும்.

துறைசார் நூல்கள் இதனைப் ‘புள்ளியற்ற மூலம்’ என்கின்றன. ஓரிடத்தைச் சுட்ட இயலாத மாசு என்பது பொருள். அலுவலக வழக்கில் அச்சொல் எவரும் பொறுப்பேற்க வேண்டாத மாசு என்றாகிவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. அட்லாண்டாவை ஒட்டி ஓடும் சட்டஹூச்சி ஆற்றில், நீரின் கலங்கலைத் தொடர்ந்து அளந்து அதிலிருந்து ஈ.கோலை எண்ணிக்கையை மதிப்பிட்டு மக்களுக்கு உடனே அறிவிக்கும் முறையை 2000-ஆம் ஆண்டிலேயே தொடங்கினார்கள். கலங்கல் அளக்கும் கருவி நமக்கு எட்டாக்கனியன்று. எனினும், மழையில்லா நாளிலும் சாக்கடை கலக்கும் யமுனைக்கு அவர்களின் கணக்கு அப்படியே பொருந்தாது. நமக்குரிய கணக்கை வகுக்கவும் மழைநாள் மாதிரிகளே தேவை.

ஆகவே கோரிக்கை எளியது. மழை தொடங்கியதும் வடிகால் முகத்துவாரங்களில் சில மணிக்கொரு முறை நீர் எடுங்கள். முடிவுகளைப் படித்துறைகளில் இந்தியில் எழுதி வையுங்கள். கரையில் காய்கறி பயிரிடுவோரும் சலவைத் தொழிலாளரும் ஆற்றில் இறங்குவது ஆண்டுச் சராசரியில் அன்று, அன்றைய நீரில்.